கற்பிட்டி ஏன் ஆம்ஸ்டர்டாம் ஆகவில்லை?

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ் ஏறி, ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டால், ஊர்ப்பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம். கரம்பை, நுரைச்சோலை, மாம்புரி, ஏத்தாலை, குறிஞ்சிப்பிட்டி. பெரிய வீதியை விட்டுக் கடற்பக்கம் இறங்கினால் ஆலங்குடா, கப்பலடி, கண்டல்குடா. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். இந்த நிலத்தைக் கால்நடையாக நடந்து பார்த்தவன்தான் இந்தப் பெயர்களை வைத்திருக்க முடியும். கடல் உள்ளே வளைந்தால் குடா. கண்டல் மரம் நின்றால் கண்டல்குடா. கப்பலோடு ஏதோ சங்கதி நடந்த இடம் கப்பலடி.

பிட்டி என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மேடான திட்டு என்று அதற்குப் பொருள். மலைநாட்டுக்காரருக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. மாரி பெய்து களப்பு ஏறிவரும் தட்டை நிலத்தில் வாழ்பவருக்கோ இரண்டு முழ உயரம் என்பது பெரிய விஷயம். வீடு கட்டுவதும் ஆட்டைக் கட்டுவதும் மையத்தை அடக்குவதும் அங்கேதான். கல் இருந்த பிட்டி கற்பிட்டி ஆயிற்று. ல் என்ற எழுத்துக்குப் பின்னால் ப வந்தால் ற் ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த புணர்ச்சி விதிக்கு இந்த ஊர்ப் பலகையே உதாரணம். சிங்களத்தில் கல்பிட்டிய. அங்கே ல் கலையாமல் நிற்கிறது.

இந்த ஊரில் ஒல்லாந்தர் 1659இலிருந்து 1795வரை இருந்தார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து பறித்து, 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி, கண்டி அரசனின் புத்தளத் துறைக்குப் போகிற வழியைக் கையில் வைத்துக்கொண்டார்கள். 136 வருடம் ஆண்டவர்கள் கற்பிட்டிக்குப் புதுப் பெயர் வைக்கவில்லை. ஊர்க்காரர் சொன்னதைத் தங்கள் நாக்குக்கு வந்தபடி கல்பென்டைன் என்று திருகிக்கொண்டதோடு சரி. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். வடக்கே கொஞ்ச தூரம் கடலில் போய்ப் பார்த்தால்தான் அதிசயம் தெரியும்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு இதே ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வாரி வழங்கியிருக்கிறார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம். வேலணை லெய்டன். புங்குடுதீவு மிடில்பர்க். அனலைதீவு ரோட்டர்டாம். எழுவைதீவு ஹூர்ன். நெடுந்தீவு டெல்ஃப்ட். நாகபூஷணி அம்மன் குடியிருக்கும் நயினாதீவு ஹார்லெம். ஆம், நியூயோர்க்கில் கறுப்பின மக்களின் இசைக்கும் எழுத்துக்கும் பேர்போன பகுதிக்கு இருக்கிற அதே பெயர்தான். இரண்டுக்கும் தாய் நெதர்லாந்தில் இருக்கும் ஹார்லெம் நகரம்.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது 1658 ஜூனில். மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் நியூ ஹார்லெம் என்ற குடியேற்றத்தை பீட்டர் ஸ்டைவசன்ட் நிறுவியதும் அதே 1658இல். கிழக்கே வந்தது 1602இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பனி. மேற்கே போனது 1621இல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பனி. ஒரே நாட்டு மாலுமிகள், ஒரே ஊர் ஞாபகம், இரண்டு கம்பனிக் கணக்குப் புத்தகங்கள்.

எந்த நகரங்களின் பெயரை எடுத்தார்கள் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆறு நகரச் சபைகள் சேர்ந்த கூட்டு வியாபாரம். ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹூர்ன், என்க்ஹவுசன் என்பன அவை. இந்த ஆறில் ஐந்தை மேலே சொன்ன பட்டியலில் காணலாம். முதல் போட்ட முதலாளிகளின் ஊர்ப்பெயரைக் கைப்பற்றிய தீவுகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். கோயில் மணியில் உபயகாரர் பெயர் வெட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1658இல் யாழ்ப்பாணம் வந்து, அந்தத் தீவுகளையும் மக்களையும் பற்றிப் பெரிய நூல் எழுதி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேற்றிய பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ் பிறந்த ஊர் டெல்ஃப்ட். அவர் பிறந்த 1632இல் அதே சிறிய நகரத்தில்தான் ஓவியர் வெர்மீரும், நுண்ணுயிர்களை முதலில் கண்ட லேவன்ஹூக்கும் பிறந்தார்கள். ஒரே ஆண்டில் மூன்று பிள்ளைகள். ஒருவர் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார், ஒருவர் தண்ணீர்த் துளிக்குள் பார்த்தார், ஒருவர் நெடுந்தீவுப் பக்கம் வந்து சேர்ந்தார்.

ஹூர்ன் என்ற பெயரின் பயணம் இதைவிட நீளம். தென் அமெரிக்காவின் அடிமுனையை 1616இல் சுற்றிப் போன வில்லெம் ஸ்கவுட்டன் ஹூர்ன்காரர். கப்பலோட்டிகள் நடுங்கும் அந்த முனைக்குத் தன் ஊர்ப்பெயரை வைத்தார். அதைத்தான் ஹோர்ன் முனை என்று நாம் புவியியல் புத்தகத்தில் படித்தோம். எழுவைதீவுப் பிள்ளைகள் அடுத்த தடவை அந்தப் பாடம் படிக்கும்போது, அது நம்ம ஊரின் பழைய பெயர்தான் என்று வகுப்பில் எழுந்து சொல்லலாம்.

இனி, இந்தப் பெயர்களுக்கு என்ன நடந்தது?

மேற்கே, 1664இல் ஆங்கிலேயர் நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்து நியூயோர்க் ஆக்கினார்கள். தலைநகரின் பெயர் போயிற்று. ஆனால் ஹார்லெம் நின்றது. ப்ரூகெலன் என்ற ஒல்லாந்தக் கிராமத்தின் பெயர் புரூக்ளினாகத் தேய்ந்து நின்றது. விளிசிங்கன் என்ற துறைமுகத்தின் பெயர் ஃபிளஷிங் ஆகி நின்றது. ஆட்சி மாறி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், நியூயோர்க் மாநிலத்தில் வீடர்ஸ்பர்க் என்றிருந்த ஊர் ஆம்ஸ்டர்டாம் என்று மாறியது. ரோட்டர்டாம் என்ற ஊரும் அதன் பிறகு அதே மாநிலத்தில் உருவானது.

கிழக்கே, நம் தீவுகளில் அந்தப் பெயர்கள் வரைபடத்தோடு மடிந்துபோயின. நான் கேட்டறிந்தவரை, அனலைதீவில் எந்த ஆச்சியும் தன்னை ரோட்டர்டாம்காரி என்று சொன்னதில்லை. தப்பிப் பிழைத்தது டெல்ஃப்ட் ஒன்றுதான், அதுவும் ஆங்கில எழுத்தில் மட்டும். குறிகட்டுவான் துறையில் படகுக்கு நிற்பவர் போவது நெடுந்தீவுக்கு. அவர் கையில் இருக்கும் ஆங்கிலக் கடிதத்தில்தான் அது டெல்ஃப்ட். அந்தத் தீவில் இன்றும் காட்டுக் குதிரைகளாகத் திரிபவை ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள். பெயரைவிடக் குதிரை நன்றாக ஊன்றிக்கொண்டது.

ஒரே நாட்டார் ஒரே காலத்தில் வைத்த பெயர்கள். அங்கே நின்றன, இங்கே உதிர்ந்தன. இதற்கு ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எளிது. நெதர்லாந்திலிருந்து ஹார்லெமுக்குக் குடும்பங்கள் போயின. உழுதார்கள், வேலி போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், அடுத்த வேலிக்காரனைக் கூப்பிட ஒரு பெயர் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நயினாதீவுக்கு எந்த ஒல்லாந்துக் குடும்பமும் வந்து நெல் விதைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள், அவர்களிடம் ஏற்கெனவே பெயர் இருந்தது. கச்சேரிப் பத்திரத்துக்கு வெளியே ஹார்லெம் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

இந்த விளக்கம் பாதிதான். மறுபாதி கசப்பானது. மன்ஹாட்டனிலும் ஒல்லாந்தர் வருமுன் லெனாப்பே மக்கள் இருந்தார்கள், அவர்களிடமும் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. அவர்கள் விரட்டப்பட்டதால்தான் புதுப்பெயர் ஊன்றியது. மன்ஹாட்டன் என்ற சொல் அவர்கள் மொழியிலிருந்து மிஞ்சியது. ஜாவாவில் இன்னும் வெளிப்படை. 1619இல் ஜயகர்த்தாவை எரித்துத் தரைமட்டமாக்கிய தளபதி யான் பீட்டர்சோன் கூன், ஹூர்ன்காரர், அதற்கு நியூ ஹூர்ன் என்று பெயர்வைக்க ஆசைப்பட்டார். கம்பனி இணங்காமல் பட்டாவியா என்று வைத்தது. எரிந்த ஊரின்மேல் வைத்த அந்தப் பெயர் 1942வரை, முந்நூறு வருடத்துக்கு மேல் நின்றது. மக்கள் இருக்கிற ஊரில் பெயர் மாற்றுவது கஷ்டம். மக்களைக் கிளப்பிவிட்டால் சுலபம்.

இப்போது கற்பிட்டிக்குத் திரும்பலாம். ஒல்லாந்தர் இலங்கையில் கைவைத்த வியாபாரத் துறை எதற்கும் தங்கள் நகரப் பெயரைச் சூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கொழும்பு கொழும்பாகவும், காலி காலியாகவும், மன்னார் மன்னாராகவும், யாழ்ப்பாணம் யாழ்ப்பாணமாகவும் இருந்தன. பாக்கும் உப்பும் முத்தும் கைமாறும் இடத்தில் பெயர் என்பது விலாசம். சோனகத் தோணிக்காரனுக்கும் செட்டிக்கும் கண்டி அரசனின் ஆளுக்கும் தெரிந்த விலாசத்தை மாற்றினால் நட்டம் கம்பனிக்குத்தான். கற்பிட்டி ஒரு ஹூர்னோ லெய்டனோ ஆகாமல் தப்பியது இந்த வியாபாரப் புத்தியால் என்றே நான் நினைக்கிறேன். ஆசைக்குப் பெயர்வைக்கக் கிடைத்தவை சந்தை இல்லாத சின்னத் தீவுகள்.

ஆளவந்தவர் பெயர் வைத்துத் தோற்ற கதை நமக்கும் புதிதல்ல. ராஜராஜ சோழன் காலத்தில் மாதோட்டத்துக்கு ராஜராஜபுரம் என்று பெயர். கல்வெட்டிலேயே இருக்கிறது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. இரண்டும் கல்லோடு நின்றுபோயின. தமிழ்ப் பெயராயிற்றே என்று தமிழர் வாய்கூட அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. மாதோட்டம் இன்றும் மாதோட்டம்தான், மாந்தைதான். மலையகத்திலும் இதே கதை. சிவனொளிபாதமலை அடிவாரத்து எஸ்டேட்டுக்குத் துரைமார் ஸ்கொட்லாந்து வாடையோடு டல்ஹவுசி என்று வைத்தார்கள். கொழுந்து பறித்தவர்களுக்கு அது நல்லதண்ணி. கற்பிட்டி வீதியிலும் ஒன்று உண்டு. அங்குள்ள அனல்மின் நிலையத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் லக்விஜய. இலங்கையில் யாரைக் கேட்டாலும் அது நுரைச்சோலை. 900 மெகாவாட் நிலையத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் கொழும்பில் இருப்பவர்கள் இந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

அமெரிக்கர் விஷயம் வேறு தினுசு. அங்கே தபாற்கந்தோர் திறக்க வேண்டுமானால் அந்த மாநிலத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பெயர் வேண்டும். வருடத்துக்கு எத்தனையோ புது ஊர்கள். யோசிக்க நேரமில்லை. கிடைத்த புத்தகம், கிடைத்த துணி, கிடைத்த ஆளின் பட்டப்பெயர், எல்லாம் ஊர்ப்பெயராயின. நியூயோர்க் மாநிலத்தில் ட்ரோய், ரோம், சிராக்கியூஸ், இதாக்கா என்று பழைய கிரேக்க, ரோமக் கதைப் பெயர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அதே மாநிலத்தில் ஒரு டெல்லியும் உண்டு. எபனேசர் ஃபூட் என்ற உள்ளூர்ப் பிரமுகருக்கு 'மகா முகல்' என்று பட்டப்பெயர் இருந்ததால் ஊருக்கு முகலாயத் தலைநகரின் பெயர் வந்தது. ஆனால் அங்கே போய் டெல்லி என்றால் யாருக்கும் புரியாது. டெல்-ஹை என்று சொல்ல வேண்டும். இலினோய் மாநிலத்தின் கெய்ரோ அங்கே கேரோ. ஒஹையோவின் லீமா அங்கே லைமா. பெயர் கப்பலேறியது, உச்சரிப்பு துறையிலேயே நின்றுவிட்டது. ஒரிகன் மாநிலத்தில் மட்ராஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னையிலிருந்து எவரும் போகவில்லை. கடையில் சுருட்டி வைத்திருந்த மட்ராஸ் துணியிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

மினசோட்டா மாநிலத்தின் தென்பகுதி நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே சிலோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும், சோள வயல் சூழ்ந்த ஊர். 1977இலிருந்து 1981வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த வால்டர் மொண்டேல் 1928இல் பிறந்தது அந்தச் சிலோனில்தான். அதே மாநிலத்தின் தென்பகுதியிலேயே டெல்ஃப்ட் என்றும் ஒரு குக்கிராமம் உண்டு. சிலோனும் டெல்ஃப்டும் காரில் சில மணி நேரத்தில் போய்வரக்கூடிய தூரம். நம் நாடு 1972 மே 22ஆம் திகதி சிலோன் என்ற பெயரைக் கைவிட்டது. மினசோட்டா கைவிடவில்லை.

ஒரே பெயரை இரண்டு இடத்தில் கண்டால் உடனே ஒன்று மற்றதன் பிள்ளை என்று முடிவுகட்டவும் கூடாது. இது ஊர்ப்பெயர் தேடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம். காரைதீவு என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பிட்டிக்கு வடக்கே கடலில் ஒரு காரைதீவு. கிழக்கே விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு. யாழ்ப்பாணத்துக் காரைதீவு, ஒரு காலத்து ஆம்ஸ்டர்டாம், 1920களில் காரைநகர் ஆனது. மற்றக் காரைதீவுகளோடு குழம்பாமலிருக்க மாற்றினார்கள் என்று சொல்வார்கள். இவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை. காரைச் செடி முளைத்த தீவைக் கண்ட தமிழன் எந்தக் கரையில் நின்றாலும் காரைதீவு என்றுதான் சொல்லியிருப்பான். ஹார்லெம் அப்படிப்பட்டதல்ல. நயினாதீவைப் பார்த்து ஹார்லெம் என்று யாருக்கும் தானாகத் தோன்றாது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் பெயர் பல இடத்தில் தானே முளைக்கும். ஞாபகத்தைச் சொல்லும் பெயரை யாராவது தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு வந்த பெயர் ஒன்று இந்தக் கற்பிட்டி வீதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கு மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. மன்னார்த் தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கடல்வழியாக வந்து கரை சேர்ந்தது கற்பிட்டியில். அன்றைக்குக் கற்பிட்டியார் உலையேற்றிச் சோறு போட்டதை இரண்டு ஊராரும் இன்றும் சொல்வார்கள். வந்தவர்கள் புத்தளம், பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி என்று கிடுகுக் கொட்டில்களில் பரவினார்கள். மன்னார் எருக்கலம்பிட்டி மக்களில் பெரும்பகுதியினர் பாலாவிக்குப் பக்கத்தில் நாகவில்லுவில் குடியேறினார்கள்.

அங்கே எழுந்த பள்ளிக்கூடத்தின் பெயர் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மகா வித்தியாலயம். ஊர் இல்லாத ஊரில் அந்த ஊர்ப்பெயரில் பள்ளிக்கூடம். எருக்கலம்பிட்டி, கற்பிட்டி, இரண்டிலும் அதே பிட்டி. சொந்த மேட்டிலிருந்து இறக்கப்பட்டவர்கள் இன்னொரு மேட்டில் வந்து ஏறினார்கள். போர் முடிந்து சில குடும்பங்கள் மன்னாருக்குத் திரும்பின. பல குடும்பங்கள் இங்கேயே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துத் தங்கிவிட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு எருக்கலம்பிட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது நாகவில்லுப் பள்ளிக்கூட மணியாக இருக்கும். அவர்களுடைய உம்மாவின் வாப்பாவுக்கு அது மன்னார்க் கடற்காற்று. அமெரிக்க ஹார்லெமின் முதல் இரண்டு மூன்று தலைமுறைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒரே வித்தியாசம், அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள். இவர்கள் நிலத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள்.

ஊர்ப்பெயர்களை எழுதிவைக்கும் கை கற்பிட்டிக்கு முன்பே இருந்திருக்கிறது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 27 வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மலைகளையும் அகரவரிசையில் தொகுத்துக் கெசற்றியர் நூல் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறாகிய 'தமிழ் புளூட்டாக்' 1859இல் அதற்குப் பிறகு வந்தது. நாடு முழுவதும் உள்ள ஊர்ப்பெயர்களை அகராதியாக்க வேண்டும் என்று தோன்றிய முதல் உள்ளூர் மூளை இந்த மணல்திட்டில் வளர்ந்தது என்பதைக் கற்பிட்டியார் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

இப்போது புதிதாய் ஒரு கூட்டம் வருகிறது. கடற்காற்றில் பட்டம் கட்டிச் சறுக்கி விளையாட வெள்ளைக்காரப் பிள்ளைகள் மே தொடக்கம் இந்தக் கரைக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஊருக்கு நாலு காசும் வருகிறது. அவர்களுடைய வரைபடத்தில் கழுதைகள் திரியும் ஒரு கரை டாங்கி பாயின்ட் ஆகிவிட்டது. தொலைபேசியில் வழி பார்த்து வரும் ஓட்டோக்காரரும் அதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார். இந்தத் தடவை கோட்டையோ பீரங்கியோ வரவில்லை. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வந்திருக்கிறது.

கரைவலை இழுக்கிறவர்களுக்கு இந்தக் கரையில் ஒவ்வொரு பாட்டுக்கும், ஒவ்வொரு வாடிக்கும், களப்பின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு பெயர் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பலகையிலும் இல்லை. கற்பிட்டியிலோ நாகவில்லுவிலோ இருந்து இதை வாசிப்பவராக நீங்கள் இருந்தால், வீட்டில் வயதான ஒருவரோடு ஒரு பின்னேரம் உட்காருங்கள். கொப்பியில் கரையைக் கீறிக் கொடுத்து, எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள். எருக்கலம்பிட்டிக்காரராக இருந்தால் இரண்டு கரையையும் கீறிக் கொடுங்கள்.